காருக்குள் இருக்கும் வரைபடத்தின் வயது

காரின் திரையிலேயே அமைந்து வரும் வழிகாட்டி வரைபடத்தைப் புதுப்பிக்கலாமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், இப்போது அதில் இருக்கும் வரைபடம் எந்தக் காலத்தது என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். பெரும்பாலானோர் கார் வாங்கிய ஆண்டைச் சொல்வார்கள். சிலர் சென்ற முறை சர்வீஸுக்கு விட்டபோது புதுப்பித்ததாகச் சொல்வார்கள். இரண்டுமே அந்தக் கேள்விக்கு விடையாகா. திரையில் அமைப்புகள் பகுதிக்குள் சென்று பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தைத் திறந்தால், பல வண்டிகளில் வரைபடத்துக்கு ஓர் எண்ணும் மென்பொருளுக்கு வேறோர் எண்ணும் தனித்தனியே காணப்படும். வரைபட எண்ணுக்குள் ஆண்டும் மாதமும் ஒளிந்திருப்பது உண்டு. ஆனால் அதுவும் அந்தப் பதிப்பு தயாரான காலத்தைக் காட்டுமே ஒழிய, அதிலுள்ள ஒவ்வொரு சாலையும் எப்போது கணக்கெடுக்கப்பட்டது என்பதைக் காட்டாது.

வாக்காளர் பட்டியலுக்குத் தகுதி நாள் என்று ஒன்று உண்டல்லவா? பட்டியல் எந்த மாதத்தில் வெளியானாலும், தகுதி நாளுக்குப் பின் பதினெட்டு வயதை எட்டியவரின் பெயர் அதில் இராது. வரைபடமும் அப்படித்தான். வரைபட நிறுவனம் ஏதோ ஒரு நாளில், இதுவரை வந்த திருத்தங்கள் போதும் என்று தரவை நிறுத்திக்கொள்கிறது. அந்தத் தரவு, வண்டியின் திரைக்குப் பின்னால் இருக்கும் சிறிய கணினி விரைவாகப் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. அந்தக் கணினியைச் செய்யும் நிறுவனம் அதை ஓட்டிப் பார்க்கிறது, பிறகு கார் நிறுவனமும் தன் ஒவ்வொரு மாடலிலும் சோதித்துப் பார்க்கிறது, அதன் பிறகே அது வாடிக்கையாளருக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் மாதங்கள் கழிந்துவிடும். ஆகவே இன்று காலை பதிவிறக்கிய வரைபடத்தில் போன மாதம் திறந்த பாலம் இல்லையென்றால், நீங்கள் செய்த வேலையில் பிழை இல்லை. அந்தப் பாலம் தகுதி நாளுக்குப் பிறகு பிறந்தது, அவ்வளவுதான்.

சாலை இடைவிடாமல் மாறும் ஊரில் வாழ்பவர்களுக்கு இந்த இடைவெளி உடனே உறைக்கும். மதுரையில் தல்லாகுளம் பகுதியில் தொடங்கி நத்தம் சாலையின் மேலாகச் செல்லும் 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கோவையில் அவிநாசி சாலையின் மேல் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரையிலான 10.1 கிலோமீட்டர் மேம்பாலம், ஜி.டி.நாயுடுவின் பெயரோடு 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. இவை அமைவதற்கு முந்தைய வரைபடத்தோடு பாலத்தின் மேல் சென்றால், வழிகாட்டி உங்களைக் கீழே உள்ள சாலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று ஓதிக்கொண்டே வரும். நீங்களோ இறங்குவதற்கு வழியே இல்லாத உயரத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

புதிய வரைபடம் இருந்தாலும் இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். செயற்கைக்கோள் சமிக்ஞை தரும் உயரக் கணக்கில், கிடைமட்டக் கணக்கில் இருப்பதைவிடப் பிழை அதிகம். பாலத்துக்கும் கீழ்ச்சாலைக்கும் இடையே சில மீட்டர் வேறுபாடே இருக்கும் நிலையில், வண்டி மேலே உள்ளதா கீழே உள்ளதா என்பதைச் சமிக்ஞையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஏறுபாதை எங்கே பிரிகிறது என்பது வரைபடத்தில் சரியாக இருந்தால், வண்டி அந்த இடத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கியது, எவ்வளவு ஏறியது என்பவற்றைக் கொண்டு நல்ல வழிகாட்டி ஊகித்துக்கொள்ளும். ஏறுபாதையே வரைபடத்தில் இல்லாதபோது ஊகிப்பதற்கும் ஒன்றுமில்லை.

இதன் பின்னணியில் உள்ள வேலையை அறிந்துகொண்டால், திரையில் தோன்றும் விந்தைகள் பலவற்றுக்குக் காரணம் புரியும். வழிகாட்டி, செயற்கைக்கோள் சொல்லும் இடத்தை அப்படியே திரையில் காட்டுவதில்லை. அந்த இடத்துக்கு அருகில் தன் வரைபடத்தில் இருக்கும் சாலை ஒன்றைத் தேடி, வண்டியை அதன்மேல் ஒட்டவைக்கிறது. புதிதாகப் போட்ட புறவழிச்சாலை பழைய சாலையை ஒட்டியே சென்றால், அம்புக்குறி பழைய சாலையிலேயே பயணம் செய்யும். இரண்டும் நன்றாக விலகிய பிறகு, அருகில் ஒட்டுவதற்குச் சாலை எதுவும் கிடைக்காமல், அம்புக்குறி வயல் வெளியில் மிதந்துகொண்டு, முடிந்தால் திரும்பி வாருங்கள் என்று கெஞ்சத் தொடங்கும். திருச்சூர் செல்லும் வழியில் உள்ள குதிரான் சுரங்கப்பாதை 2021 ஜூலை கடைசியில் திறக்கப்பட்டபோது, பழைய வரைபடம் வைத்திருந்தவர்களின் வண்டிகள் மலையின் வயிற்றுக்குள் புகுந்துபோவதைப் போலத் திரையில் தெரிந்ததற்குக் காரணமும் இதுவே.

சுரங்கத்தைப் பற்றிச் சொன்னதும், கையில் போன் இருக்கும்போது காரின் சொந்த வழிகாட்டி எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லலாம். சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை வராது. காரோடு பிறந்த வழிகாட்டி, சக்கரங்கள் சுழலும் வேகத்தையும் வண்டி திரும்பும் கோணத்தை அளக்கும் கைரோ உணரியையும் கொண்டு, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசையில் வந்திருக்கிறோம் என்று தானே கணக்கிட்டுக்கொண்டு போகும். சட்டைப்பையிலோ கோப்பை வைக்கும் குழியிலோ கிடக்கும் போனுக்குச் சக்கரத்தின் சேதி கிடைப்பது அரிது. அதேபோல, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலைக்கு ஏறும் எழுபது வளைவுகளிலும் செல்போன் கோபுரத்தை நம்பிப் பயனில்லை. காருக்குள் இருக்கும் வரைபடத்துக்குக் கோபுரம் வேண்டியதே இல்லை. போனிலும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். புறப்படும் அவசரத்தில் அதை நினைவாகச் செய்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். நகருக்குள் நெரிசலைப் பார்த்து வழியை மாற்றிச் சொல்வதில் போனுக்கு நிகரில்லை. நகரத்தைத் தாண்டிய பிறகு எனக்குக் காரின் வழிகாட்டியே போதும். அது போதுமானதாக இருக்க வேண்டுமென்றால் அதன் வரைபடம் கிழடு தட்டாமல் இருக்க வேண்டும்.

சாலைகள் மட்டுமா மாறுகின்றன? முகவரிகளும் மாறுகின்றன. தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் 2010-இல் நாடு முழுவதும் மாற்றி அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் பழைய 7 இப்போது 44. சேலத்திலிருந்து கோவை வழியே கொச்சிக்குச் செல்லும் பழைய 47 இப்போது 544. மக்கள் வாயில் பழைய எண்களே நிலைத்திருக்க, வழிகாட்டியின் குரல் புதிய எண்ணைச் சொல்லும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவர் குழம்பிப்போவார். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவையும், அதன் மறு ஆண்டில் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. முகவரியைப் படிப்படியாகக் கேட்கும் வழிகாட்டியில், பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தென்காசி மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தைத் தேடினால் கிடைக்காது. திருநெல்வேலிக்குள் தேட வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. வரைபடத்தைப் புதுப்பித்த பிறகு தூத்துக்குடியையும் திருவல்லிக்கேணியையும் இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். எந்த எழுத்தில் பெயர் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை வண்டி நிற்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் விற்கும் கார்களுக்கான வரைபடம் இந்திய நிறுவனங்களிடமிருந்தே பெரும்பாலும் வருகிறது. 1995-இல் தொடங்கிய மேப்மைஇந்தியா, இன்று மேப்பிள்ஸ் என்ற பெயரிலும் அறியப்படுவது, பல கார்களின் திரைக்குள் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவிசார் தரவு நெறிமுறைகள், ஒரு மீட்டரைவிடத் துல்லியமான தரவை இந்திய நிறுவனங்கள் தாமே திரட்டி வைத்திருக்க இடம் கொடுத்து, அயல்நாட்டு நிறுவனங்கள் அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் வகையில் அமைந்தன. நாட்டின் எல்லைக் கோட்டையும் இந்திய அளவைத் துறை காட்டும்படியே காட்ட வேண்டும் என்பது சட்டம். வேறு நாட்டுக்குத் தயாரான வரைபடக் கோப்பை இங்குள்ள வண்டியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று இணையத்தில் எவரேனும் யோசனை சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதே நல்லது; வட்டாரம் மாறிய கோப்பை வண்டி ஏற்காது என்பது ஒருபுறமிருக்க, ஏற்றாலும் அதில் நம் ஊர் இருக்காது.

இந்த வட்டாரப் பூட்டின் கடுமையை நன்கு அறிந்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். ஜப்பானிலிருந்து பயன்படுத்திய நிலையில் அங்கே இறங்கும் கார்களில் வழிகாட்டித் திரை இருக்கும், அது ஜப்பானிய மொழியில் பேசும், அதன் வரைபடத்தில் ஜப்பானைத் தவிர வேறு நாடே இராது. யாழ்ப்பாணத்து வீதியில் நிற்கும் வண்டியை அதனால் எங்கேயும் பொருத்திக் காட்ட முடியாது. அதைப் புதுப்பித்தாலும் கிடைப்பது ஜப்பானின் புதிய வரைபடம்தான் என்பதால், அங்கே பலரும் திரையையே கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். அந்த நிலையில் அதுவே அறிவுடைமை.

இனி செய்முறைக்கு வருகிறேன். புதிய வண்டிகள் சிலவற்றில் வரைபடம் இணையம் வழியே தானாக இறங்கிவிடுகிறது; அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. மற்றவர்களுக்கு, கார் நிறுவனத்தின் இணையதளத்தில் மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் திரையின் வகையையும் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கோப்பைக் கணினியில் இறக்குவதும், அதைப் பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ ஏற்றிக் காரில் செருகுவதும் தான் வழி. ஒரே மாடலில் ஒரே ஆண்டில் இரண்டு வகைத் திரைகள் வந்திருக்கலாம் என்பதால், திரையின் பதிப்புப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு கணினியின் முன் உட்காருவது நல்லது. கோப்பு பல ஜிபி அளவில் இருக்கும். வீட்டு இணைப்பு நடுவில் அறுந்துபோகக்கூடியது என்றால், நிறுவனம் தரும் பதிவிறக்க மென்பொருளையே பயன்படுத்துங்கள். அது இறங்கிய கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடும்.

பென்டிரைவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடையில் வாங்கும் 64 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில், அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறையில், வரும். பல கார்கள் அதைப் படிக்காமல், செருகியதாகவே காட்டிக்கொள்ளாது. பழைய ஃபேட்32 அமைப்பை அநேகமாக எல்லா வண்டிகளும் படிக்கும், ஆனால் அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரமும் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவை ஃபேட்32 ஆக்க இடம் தந்ததில்லை. ஆகவே நிறுவனத்தின் வழிமுறைப் பக்கத்தில் எந்த அமைப்பு, எவ்வளவு கொள்ளளவு என்று சொல்லியிருக்கிறார்களோ அதையே பின்பற்ற வேண்டும். பென்டிரைவில் வேறு பாட்டுகளோ படங்களோ இருக்கக் கூடாது. கோப்புகளை நகலெடுத்து முடித்ததும் பென்டிரைவை வெடுக்கென்று பிடுங்காமல், கணினியிடம் சொல்லிவிட்டு எடுப்பதும் முக்கியம். கடைசிக் கோப்பு பாதியில் நின்றுபோன பென்டிரைவ், காருக்குள் பாதிவரை ஓடிவிட்டுப் பிழைச்செய்தி காட்டும்.

காருக்குள் செருகிய பிறகு நடப்பதற்குப் பொறுமை வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் முழு வரைபடமும் அழித்து எழுதப்படுகிறது. மாறிய துண்டுகளை மட்டும் மாற்றலாமே என்று தோன்றும். வழிகாட்டி வரைபடங்களுக்குப் பொதுவான தரவு வடிவத்தை வகுக்க 2009-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த என்டிஎஸ் சங்கத்தின் வடிவம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் பழைய திரைகளில் சாலைகளும் தேடல் பட்டியலும் வழிக்கணக்கு அட்டவணைகளும் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்து கிடப்பதால், ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். இதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், இடையில் திரை தானாக அணைந்து எழலாம். அந்த நேரம் முழுவதும் மின்சாரம் தடைபடக் கூடாது. கையேடு என்ஜினை ஓடவிடச் சொன்னால், வண்டியை வெட்டவெளியில் நிறுத்திச் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பது உயிருக்கு ஆபத்து. வண்டி நிற்கும்போது என்ஜினைத் தானே அணைக்கும் வசதி இருந்தால் அதை முன்பே நிறுத்தி வையுங்கள். சேமித்து வைத்த வீடு, அலுவலகம், உறவினர் ஊர் முதலிய இடங்கள் அழிந்துபோகக்கூடும் என்பதால், அவற்றையும் முன்கூட்டியே குறித்துக்கொள்வது நலம்.

வரைபடம் மெமரி கார்டிலேயே தங்கியிருக்கும் வண்டிகளில் வேறொரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு மெமரி கார்டுக்கும் தயாரிக்கும்போதே மாற்ற முடியாத ஓர் அடையாள எண் பதியப்படுகிறது. சில வழிகாட்டிகள் கோப்புகளோடு அந்த எண்ணையும் சரிபார்ப்பதால், மூலக் கார்டில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் வேறு கார்டுக்கு நகலெடுத்தாலும் அது வேலை செய்யாது. எனவே வண்டியோடு வந்த கார்டைத் தூக்கி எறிவதோ, டேஷ்கேமுக்குப் போட்டு ஃபார்மட் செய்வதோ பின்னால் பணச் செலவில் கொண்டுபோய் விடும். இணையச் சந்தைகளில் மலிவு விலையில் விற்கும் புதிய பதிப்புக் கார்டுகளைப் பற்றியும் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. உரிமம் இல்லாத நகல் என்பதோடு, பூட்டை உடைப்பதற்காகத் திரையின் மென்பொருளிலும் கைவைக்கச் சொல்கிறார்கள். திரை செயலிழந்தால் ஏசியும் பின்புறக் கேமராவும் சேர்ந்தே போகும் வண்டிகள் இப்போது பல.

மென்பொருள் வேறு, வரைபடம் வேறு என்று தொடக்கத்தில் சொன்னதை இங்கே சற்று விரிக்க வேண்டும். சில வரைபடப் பதிப்புகள் மென்பொருளை முதலில் புதுப்பித்தால்தான் ஏறும். சில கோளாறுகள் வரைபடத்தை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தேதியை வாரக் கணக்கில் அனுப்புகின்றன. அந்தக் கணக்குக்கு ஒதுக்கிய பத்து பிட்டுகளில், அதாவது பத்து இரும இலக்கங்களில், 1024 வாரங்களே அடங்கும் என்பதால், அது முடிந்ததும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். 1980 ஜனவரியில் தொடங்கிய கணக்கு, 1999 ஆகஸ்டில் ஒரு முறையும் 2019 ஏப்ரலில் மறுமுறையும் சுழன்றது. அடுத்தது 2038 நவம்பரில். இந்தச் சுழற்சியைச் சரியாகக் கையாளாத பழைய திரைகளில் தேதி பத்தொன்பது, இருபது ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அதற்கு மருந்து மென்பொருளில்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு சர்வீஸ் நிலையத்தில் இதற்காக வரைபடத்தைக் காசு கொடுத்துப் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பித்தார், தேதி இம்மியும் நகரவில்லை.

புதுப்பித்த பிறகு, அது எவ்வளவு புதியது என்பதை நானே சோதித்துக்கொள்வேன். எனக்கு நன்றாகத் தெரிந்த, எப்போது திறந்தது என்பதும் தெரிந்த சாலைகளைத் திரையில் தேடுவேன். குதிரான் சுரங்கம் இருக்கிறதா, நத்தம் சாலைப் பறக்கும் பாலம் இருக்கிறதா, அவிநாசி சாலை மேம்பாலம் இருக்கிறதா என்று கால வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் வரைபடத்தின் அறிவு நின்றுபோகிறது என்பது தெரிந்துவிடும். சென்னைக்காரர்கள் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரையிலான 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையையும், 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் வைத்துப் பார்க்கலாம். நிறுவனம் அச்சிட்டுத் தரும் பதிப்பு எண்ணைவிட இந்தச் சோதனையை நான் நம்புகிறேன்.

எவ்வளவு புதிய வரைபடமானாலும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை 2009 முதல் மூடப்படுகிறது. அந்த நேர வரம்பு தரவில் ஏற்றப்படாவிட்டால், மைசூரிலிருந்து உதகைக்கு இரவில் புறப்படுபவரை வழிகாட்டி நேராகக் காட்டின் வாயிலுக்கே அழைத்துப்போய் நிறுத்தும். கோடை சீசனில் உதகைக்கு ஏறுபவர்களைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவர்களைக் கோத்தகிரி வழியாகவும் போகச் சொல்லும் ஒருவழி ஏற்பாடு சில வாரங்களுக்கே நடப்பில் இருப்பது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும் பதிப்பில் அதற்கு இடமில்லை. மெட்ரோ பணிக்காகச் சென்னையில் மாற்றி மாற்றி அடைக்கப்படும் தெருக்களும் அப்படியே. இங்கெல்லாம் போனை எடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. வேக வரம்பைப் பொறுத்தவரை, திரையில் தோன்றும் எண்ணும் சாலையோரப் பலகையும் முரண்பட்டால் பலகையே செல்லும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை புதுப்பிப்பது? இலவசமாகத் தரும் காலம் வரை, வெளியூர்ப் பயணம் ஒன்று வரும்போதெல்லாம் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஏற்றிவிடலாம். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதை வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவதற்குச் சற்று முன்னால் கடைசியாக ஒரு முறை ஏற்றிக்கொள்ள மறக்காதீர்கள். அதன் பிறகு காசு கேட்டால், நீங்கள் வழக்கமாகப் போகும் வழிகளில் உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தச் செலவு வீண். மாடல் பழையதாகிவிட்டது, இனிப் பதிப்புகள் வராது என்று நிறுவனம் கைகழுவிவிட்ட வண்டியில், வரைபடத்தை அப்படியே விட்டுவிட்டு, போனின் திரையைக் காரின் திரையில் காட்டும் வசதி இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம். மலைப்பகுதிக்குப் போகும்போது மட்டும் பழைய வழிகாட்டியை ஓடவிடுங்கள். வால்பாறைச் சாலையின் வளைவுகள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.